பழைய கிளாரினட் வாங்குமுன்: பூர்வீகமும் தரமும் பார்க்கும் விதம்

மலையகத்தில் பழைய கிளாரினட் ஒன்று விற்பனைக்கு வந்தால் கூடவே ஒரு கதையும் வரும். துரை பங்களாவில் இருந்தது, வெள்ளைக்காரர் விட்டுப்போனது, நூறு வருசப் பழசு, அசல் கருங்காலி. கதை உண்மையாகவே இருந்தாலும் அதற்காக விலையைக் கூட்டிக் கொடுக்க வேண்டியதில்லை. கிளாரினட்டுக்கு வயது ஏற ஏறத் தரம் ஏறாது. வருடக்கணக்கில் ஈரமாகிக் காய்ந்த உள்துளை கொஞ்சம் கொஞ்சமாக வட்டம் மாறும், கீகள் தளரும், துளை விளிம்புகள் உதிரும். நம் காட்டுக் கருங்காலியிலும் பொதுவாக இது செய்யப்படுவதில்லை. நல்ல கிளாரினட்டுகள் பெரும்பாலும் கிரெனடில்லா என்ற ஆபிரிக்கக் கருமரத்தில் கடையப்பட்டவை. ஆகவே விற்பவர் சொல்வதைக் கேட்டுக்கொள்ளுங்கள், ஆனால் தீர்மானத்தை வாத்தியத்தைப் பார்த்து எடுங்கள்.

பார்க்கப் போகும்போது சிறிய டோர்ச் லைட், பூதக்கண்ணாடி, அளவு நாடா, கிடைத்தால் வேர்னியர் இடுக்கிமானி, சிகரட் சுற்றும் மெல்லிய தாள், சுத்தமான பருத்தித் துணி, சுருதிமானிச் செயலி உள்ள கைத்தொலைபேசி, 2 அல்லது 2½ இலக்கப் புதிய ரீட் (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் தகடு) இரண்டு ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். நன்றாக இருக்கும் என்று தெரிந்த மவுத்பீஸ் (ரீட்டைப் பொருத்தி ஊதும் முனை) ஒன்று இரவலாகக் கிடைத்தால் அதையும் கொண்டுபோங்கள். பழைய கிளாரினட்டோடு வருவது பல தடவை அதன் சொந்த மவுத்பீஸாக இருக்காது. மவுத்பீஸின் குறையை வாத்தியத்தின் குறையாக எண்ணிவிட இடமுண்டு, மறுபக்கமும் அப்படித்தான்.

முதலில் வளையங்களை எண்ணுங்கள்

பெட்டியைத் திறந்ததும் பெயரைத் தேடாதீர்கள். மேல் ஜொயின்டை (உடலின் இரண்டு நீண்ட துண்டுகளில் மேலே வருவது) திருப்பி, பின்புறம் கட்டைவிரல் துளையைச் சுற்றி உலோக வளையம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது அநேகமாக போம் முறை என்ற கீ அமைப்பு. முழு வாத்தியத்திலும் 17 கீகளும் 6 வளையங்களும் இருந்தால் உறுதி: பின்புறம் ஒன்று, மேல் ஜொயின்டின் முன்புறம் இரண்டு, கீழ் ஜொயின்டில் மூன்று. இன்று பாடசாலைகளில் கற்பிக்கப்படுவதும், பாடப் புத்தகங்களின் விரலமைப்பும் இந்த முறைதான்.

கட்டைவிரலுக்கு வளையம் இல்லாமல், கீழ் ஜொயின்டில் மட்டும் இரண்டு வளையங்களும் மொத்தம் 13 கீகள் அளவிலும் இருந்தால் அது பழைய எளிய முறை. அல்பர்ட் முறை என்றும் சொல்வார்கள். விரலமைப்பு வேறு. பிள்ளையைப் பாடசாலை பேண்டில் சேர்ப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் இந்த இடத்திலேயே பெட்டியை மூடிவிடலாம், எவ்வளவு மலிவாக இருந்தாலும் சரி. கர்நாடக இசைக்குத் தேடுகிறவர்கள் அவ்வளவு அவசரப்படத் தேவையில்லை. ஏ.கே.சி. நடராஜனின் வாசிப்பைக் கேட்டு இந்த வாத்தியத்துக்கு வந்தவர்களுக்குக் கமகம்தான் முக்கியம். வளையம் குறைவான திறந்த துளையில் விரலை நழுவவிட்டு, துளையைப் பாதி மூடி வாசிப்பது எளிது.

சுருதி: வாங்கலாமா வேண்டாமா என்பதைத் தீர்க்கும் அளவு

கறையோ உடைசலோ இரண்டாம் பட்சம். பழைய ஆங்கிலேயக் கிளாரினட்டில் ஆட்களை அதிகம் ஏமாற்றுவது சுருதிதான். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1920களின் இறுதிவரை பிரித்தானிய இராணுவ பேண்டுகள் ஏ ஸ்வரத்தை ஏறக்குறைய 452 ஹெர்ட்ஸில் வைத்தே வாசித்தன. இன்றைய சுருதி 440. 1939இல் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு இதைப் பொது அளவாக ஏற்றது. இரண்டுக்கும் இடையிலான தூரம் கிட்டத்தட்ட அரை ஸ்வரத்தில் பாதி, சுருதிமானியின் கணக்கில் 47 சென்ட் (அரை ஸ்வரம் என்பது 100 சென்ட்). மவுத்பீஸுக்கும் மேல் ஜொயின்டுக்கும் இடையிலுள்ள குட்டையான துண்டான பேரலை இழுத்து நீட்டி இதைச் சரிசெய்ய முடியாது. இழுத்தால் மேல்பக்கத்துத் துளைகளின் ஸ்வரங்கள் அதிகமாக இறங்கும், கீழ்ப்பக்கத்து ஸ்வரங்கள் கொஞ்சமே இறங்கும். துளைகளுக்கிடையிலான தூரமே உயர் சுருதிக்காகக் கடையப்பட்டது.

சிலவற்றில் மேல் ஜொயின்டிலோ கீழ் ஜொயின்டிலோ சிறிய எழுத்தில் எச்.பி. அல்லது எல்.பி. என்று முத்திரை இருக்கும். எச்.பி. உயர் சுருதி, எல்.பி. தாழ்ந்த சுருதி. எல்.பி. என்று குத்தியிருந்தால் அது பெரும்பாலும் இரண்டு சுருதிகளும் பழக்கத்தில் இருந்த காலத்தது என்றும் அறியலாம், பிறகு அப்படிக் குறிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. முத்திரை இல்லாவிட்டால் அளவு நாடாவை எடுங்கள். மவுத்பீஸைக் கழற்றி, பேரலின் மேல் விளிம்பிலிருந்து, அடியில் விரிந்திருக்கும் பகுதியான பெல்லின் அடி விளிம்புவரை அளக்க வேண்டும். இன்றைய சுருதியில் பி பிளாட் கிளாரினட் ஏறத்தாழ 59 முதல் 60 சென்டிமீற்றர் இருக்கும். 57½ அளவில் நின்றால் உயர் சுருதி என்று சந்தேகப்படுங்கள். 63ஐ ஒட்டி இருந்தால் ஏ கிளாரினட், 52 பக்கம் என்றால் சி கிளாரினட். பேரலைத் தனியாகவும் அளந்து பாருங்கள். வழக்கமான பேரல் 64 முதல் 67 மில்லிமீற்றர். 75ஐத் தாண்டிய பேரல் பொருத்தியிருந்தால், உயர் சுருதி வாத்தியத்தைத் தாழ்த்திக் காட்ட யாரோ முயன்றிருக்கிறார்கள்.

அளந்ததை ஊதி உறுதிசெய்ய வேண்டும். சி விரலமைப்பை ஊதினால் பி பிளாட் கிளாரினட்டில் சுருதிமானி பி பிளாட் காட்ட வேண்டும். உயர் சுருதி வாத்தியம் பி பிளாட்டுக்கும் பி-க்கும் நடுவில் போய் நிற்கும்.

இங்கே மலையகத்துக்கென்று ஒரு பொறி இருக்கிறது. காற்றுவாத்தியத்தின் சுருதி காற்றின் வெப்பத்தோடு ஏறி இறங்கும், பாகை ஒன்றுக்கு 3 சென்ட் வரை. கடல்மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது சுருதியை மாற்றாது, குளிர்தான் மாற்றுகிறது. நுவரெலியாவில் காலைக் குளிரில் ஊதினால் நல்ல வாத்தியம்கூட 20 சென்டுக்கு மேல் இறங்கிக் கேட்கலாம். அதே குளிரில் உயர் சுருதி வாத்தியம் 25 சென்ட் மட்டும் ஏறி நின்று, "பேரலைக் கொஞ்சம் இழுத்தால் சரியாகிவிடும்" என்று விற்பவரைச் சொல்ல வைக்கும். ஜொயின்டுகளை முதலில் கை இடுக்கில் வைத்து வெளிப்புறத்தைச் சூடாக்கி, பிறகு பத்து நிமிடமாவது ஊதி, அதன் பின்னரே மானியைப் பாருங்கள். சில்லிட்ட மரத்துக்குள் நேரே சூடான மூச்சை விடவும் கூடாது. உள்பக்கம் விரிந்து வெளிப்பக்கம் விரியாமல் நின்றால் மரம் வெடிக்கும்.

உயர் சுருதி என்றால் எல்லாருக்கும் பயனற்றது என்று சொல்ல மாட்டோம். தனக்குள் அது சுருதி சுத்தமாகவே இருக்கும். இலத்திரனியல் சுருதிப்பெட்டியை நுண்ணளவில் ஏற்றிக்கொண்டு, மிருதங்கத்தையும் அதற்குச் சேர்த்துக்கொண்டு தனியாக வாசிப்பவருக்கு அது போதும். கீபோர்ட், ஹார்மோனியம், பாடசாலை பேண்ட், தேவாலயத்து ஓர்கன் ஆகியவற்றோடு சேரவே சேராது.

முத்திரைகளை வாசித்தல்

இப்போது பெயரைத் தேடலாம். பேரல், மேல் ஜொயின்ட், கீழ் ஜொயின்ட், பெல் ஆகிய நான்கிலும் முத்திரை இருக்கிறதா, ஒரே முத்திரையா என்று பாருங்கள். பொன்மை தேய்ந்துபோன எழுத்துக்களை டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் வாசிக்கலாம். தொடர் இலக்கம் வழக்கமாக மேல், கீழ் ஜொயின்டுகளின் பின்புறம் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். வேறாக இருந்தால் இரண்டு வாத்தியங்களின் மிச்சத்தைச் சேர்த்திருக்கிறார்கள். பேரலும் பெல்லும் மாறியிருப்பது சகஜம், அதை மன்னிக்கலாம். ஜொயின்டுகள் மாறியிருந்தால் மன்னிக்க வேண்டாம்.

இந்தப் பக்கத்தில் பழையவற்றில் எதிர்பார்க்க வேண்டியவை லண்டன் பெயர்கள். பூஸி அண்ட் கோ, ஹோக்ஸ் அண்ட் சன் என்ற இரண்டு நிறுவனங்களும் 1930இல் இணைந்து பூஸி அண்ட் ஹோக்ஸ் ஆயின. தனிப்பெயர் மட்டும் இருந்தால் அதற்கு முந்தியது என்று கொள்ளலாம். ரீஜன்ட் வீதி முகவரி பூஸியுடையது, டென்மன் வீதி முகவரி ஹோக்ஸுடையது. இணைந்த பெயர் இருந்தால் மாதிரியின் பெயரைப் பாருங்கள். ரீஜன்ட், எட்ஜ்வெயார் என்பவை மாணவர் தரம், எம்பரர் இடைத்தரம், இம்பீரியல் 926உம் 1010உம் தொழில்முறைக் கலைஞர்களுக்கானவை. எட்ஜ்வெயாரை "லண்டன் சாமான்" என்று சொல்லி 1010 விலைக்குக் கேட்பதுண்டு. 1010இன் உள்துளை 15.2 மில்லிமீற்றர், வழக்கமானதைவிட அகலம். அதற்கென்றே கடைந்த மவுத்பீஸ் இல்லாமல் சாதாரண மவுத்பீஸைப் போட்டால் சுருதி கலைந்துபோகும். சொந்த மவுத்பீஸ் தொலைந்த 1010 பாதி வாத்தியம்தான், விலையும் அப்படியே இருக்க வேண்டும். இந்த நிறுவனத்தின் பழைய பதிவேடுகள் லண்டன் ஹோர்னிமன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தொடர் இலக்கம், முத்திரையின் படம், நீளம் மூன்றையும் சேர்த்து மின்னஞ்சலில் கேட்கலாம்.

பிரெஞ்சுப் பெயர்களில் புஃபே க்ராம்போன் என்று இருந்தால் நிறுவனத்தின் இணையத்தளத்திலேயே தொடர் இலக்கத்தைக் கொடுத்து வருடம் பார்க்கலாம். எவெட் என்பது அதே நிறுவனத்தின் தரம் குறைந்த வரிசையின் பெயர். அதன் இலக்க வரிசை வேறு. புஃபே அட்டவணையில் தேடினால் தவறான வருடம் கிடைக்கும். பெரும்பாலான வருட மயக்கங்கள் ஒரு பெயரின் இலக்கத்தை இன்னொரு பெயரின் அட்டவணையில் தேடுவதால் வருபவை. பெயர்பெற்ற ஆர் 13 மாதிரி 1955இல்தான் வந்தது, ஆகவே "போருக்கு முந்திய ஆர் 13" என்று ஒன்று இல்லை. பி 12 பிளாஸ்டிக் மாணவர் வாத்தியம். செல்மர் என்ற பெயரோடு பாரிஸ் என்று இருக்கிறதா என்று பாருங்கள். பண்டி என்று இருந்தால் அது அமெரிக்க மாணவர் தரம்.

செக்கோஸ்லோவாக்கியாவில் செய்யப்பட்டது என்ற முத்திரையோடு அமாட்டி வாத்தியங்களைக் காணலாம். அந்த நாடு 1992 இறுதியோடு இரண்டாகப் பிரிந்ததால் அதற்குப் பிந்தியதாக இருக்க முடியாது. மேற்கு ஜேர்மனி என்றால் 1949க்கும் 1990க்கும் இடையில். ஜப்பானிய நிக்கான் 1970இல் யமஹாவோடு இணைந்தது. யமஹாவில் மாதிரி இலக்கம் வாத்தியத்திலேயே இருக்கும், ஊகிக்கத் தேவையில்லை. இந்தியாவில் பேண்ட் வாத்தியங்களுக்குப் பெயர்போன மீரட்டிலிருந்து வருபவை ரோஸ்வூட் நிறத்திலும் ஐரோப்பியத் தோற்றத்திலும் அழகாகவே இருக்கும். ஆனால் துளை வைப்பு ஒன்றுக்கொன்று வேறுபடும், கீ உலோகம் மென்மை. ஊதிப் பார்க்காமல் வாங்கக் கூடாதவை இவை. பெயரே இல்லாதவை, அல்லது கேள்விப்படாத கடைப்பெயர் உள்ளவை, தொழிற்சாலையொன்று செய்து விற்பனையாளரின் பெயர் குத்தியவை. அவற்றுக்கு வருடம் தேடி நேரம் கழிக்க வேண்டாம், தரத்தை மட்டும் பாருங்கள்.

கெட்டியான மேல்நோக்கிய அம்புக்குறி ஒன்று குத்தியிருந்தால் அது பிரித்தானிய அரச உடைமையின் அடையாளம்; இராணுவ பேண்டிலிருந்து வந்திருக்கும் வாய்ப்பு அதிகம். அப்படியானால் உயர் சுருதிச் சந்தேகத்தையும் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வர்ணத்தில் எழுதிய இலக்கமோ பாடசாலை, பொலிஸ் அல்லது தேவாலய முத்திரையோ இருந்தால், அது கழித்துவிடப்பட்டதற்கான கடிதத்தைக் கேளுங்கள். கடிதம் இல்லை என்றால் வாங்காதீர்கள். முத்திரை சுரண்டப்பட்டிருந்தால் கேட்கவே வேண்டாம்.

பெட்டியும் பேசும். உள்மெத்தையின் பள்ளங்கள் இந்த வாத்தியத்துக்குப் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். ஜொயின்ட் ஆடினால் பெட்டி வேறொன்றின் பெட்டி. மூடியின் உள்ளே ஒட்டியிருக்கும் கடைச்சீட்டில் நாட்டின் பெயர் சிலோன் என்று இருந்தால் பெரும்பாலும் 1972க்கு முந்தியது, ஆனால் நிறுவனப் பெயர்களில் அந்தச் சொல் இன்றும் உண்டு. முகவரி வரியைத்தான் கணக்கில் எடுக்க வேண்டும். தொலைபேசி இலக்கம் இரண்டு மூன்று இலக்கங்களாக இருந்தால் இன்னும் பழையது. ரீட் வைக்கும் அறையைத் தடவிப் பாருங்கள். பழைய பற்றுச்சீட்டு, நிகழ்ச்சிநிரல் எல்லாம் அங்கேதான் சிக்கிக் கிடக்கும்.

மரமா, எபோனைட்டா, பிளாஸ்டிக்கா

கறுப்பாக இருப்பதெல்லாம் மரம் அல்ல. பேரலுக்குள் டோர்ச் அடித்து, செருகும் முனையின் வெட்டு விளிம்பைப் பூதக்கண்ணாடியால் பாருங்கள். மரத்தில் நுண்ணிய நரம்புகள் தெரியும். எபோனைட் வெயிலில் இருந்திருந்தால் பச்சை கலந்த பழுப்பாக மாறியிருக்கும். விரலால் அழுத்திச் சூடுவரத் தேய்த்தால் கந்தக வாடை வரும். பிளாஸ்டிக் இலேசாகவும் ஒரே சீரான மினுக்கத்தோடும் இருக்கும். ஊசியைப் பழுக்கக் காய்ச்சிக் குத்திப் பார்க்கிற வேலை வேண்டாம். நல்ல எபோனைட் வாத்தியம் இந்த ஈரத்தில் மரத்தைவிடப் பத்திரம் என்பது எங்கள் கணிப்பு.

மரம் என்றால் வெடிப்பைத் தேட வேண்டும். மேல் ஜொயின்டின் உச்சியிலிருந்து தொடங்குங்கள். வெடிப்புகள் பெரும்பாலும் அங்கே, ட்ரில் கீகளின் (இரண்டு ஸ்வரங்களை விரைவாக மாற்றி மாற்றி வாசிக்கும் பக்கக் கீகள்) துளைகளையும், ஸ்தாயியை மாற்றும் ரெஜிஸ்டர் துளையையும் ஊடறுத்துக் கீழிறங்கும். அடுத்து பேரல், பிறகு செருகும் முனைகளும் அவற்றை வாங்கும் குழிகளும். மர நரம்பா வெடிப்பா என்ற ஐயம் வந்தால் நகத்தைக் குறுக்கே இழுங்கள். நகம் தடுக்கினால், அல்லது கோடு துளையின் உட்சுவரிலும் இறங்கினால் வெடிப்பு. ஒரு கோட்டின் நெடுக மட்டும் மினுக்கம் மாறித் தெரிந்தால் பசை ஊற்றியிருக்கிறார்கள். எல்லா இடமும் ஒரே மாதிரிப் பளபளத்து, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டினால் சப்பாத்துப் பொலிஷ். கோட்டுக்குக் குறுக்கே சிறு கறுப்புப் புள்ளிகள் இருந்தால் ஊசி இறக்கித் தைத்துப் பழுதுபார்த்திருக்கிறார்கள். ஒழுங்காகச் செய்திருந்தால் அதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ட்ரில் துளைகளை ஊடறுத்து இறங்கிய, பழுதுபார்க்கப்படாத வெடிப்பு இருந்தால் விட்டுவிடுங்கள்.

எந்த மாதத்தில் பார்க்கிறீர்கள் என்பதும் கணக்கு. மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து உப்பி, மெல்லிய வெடிப்பு வாயை மூடிக்கொள்ளும். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் ஜூன், ஜூலை மாதங்களில் பார்த்த வாத்தியத்தில் வெடிப்பே தெரியாமல் இருந்து, பெப்ரவரி வறட்சியில் கோடு திறந்துகொள்ளும். பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் இது தலைகீழ். மேற்கே மழை கொட்டும் அதே மாதங்களில் அங்கே கச்சான் காற்று வீசி மரத்தை உலர்த்தும். ஆகவே ஹட்டனில் மழைக்காலத்தில் வாங்குகிறவர் உலோகப் பூண்களைக் கவனிக்க வேண்டும். பூணுக்கும் மரத்துக்கும் இடையில் தாளோ நூலோ துணியோ திணித்திருந்தால், வறண்ட மாதங்களில் அந்தப் பூண் கழன்று வந்திருக்கிறது, மரம் ஏற்கெனவே சுருங்கி விரிந்து அலுத்திருக்கிறது என்று பொருள். ஜொயின்டுகள் இறுக்கமாகச் சிக்கிக் கழற்ற முடியாமல் இருந்தால் பலவந்தப்படுத்த வேண்டாம். அது ஈரத்தின் வேலையாகவும் இருக்கலாம். காய்ந்த அறையில் ஓரிரு நாள் வைத்தால் தளரும்.

வேர்னியர் இருந்தால் மேல் ஜொயின்டின் அடிவாயில் உள்துளையை இரண்டு திசைகளில் அளந்து பாருங்கள். பெரும்பாலான பிரெஞ்சு வகைகள் 14.6 முதல் 15 மில்லிமீற்றருக்குள் இருக்கும். இரண்டு அளவுகளும் வேறாக இருந்தால் துளை முட்டை வடிவாகக் கோணிவிட்டது. அதைத் திருத்துவது மலிவான வேலை அல்ல.

கீகள், பேட்கள்

போம் கிளாரினட்டுக்கு 17 பேட்கள் (கீயின் அடியில் இருந்து துளையை மூடும் மெத்தைகள்), ஏறத்தாழ 9 முதல் 17 மில்லிமீற்றர் விட்டம் வரை. பழைய பேட்களின் மெல்லிய தோலைப் பூச்சி அரித்திருக்கும், அல்லது பூஞ்சணம் பிடித்திருக்கும். இவை மாற்றக் கூடியவை, ஆகவே பேட் போனது என்பதற்காக நல்ல வாத்தியத்தை ஒதுக்க வேண்டாம், மாற்றும் செலவை விலையில் குறைத்துக் கேளுங்கள். பேட்டை சூப்பர் குளூ வைத்து ஒட்டியிருந்தால் வேலை கூடும். அதைச் சூடாக்கி நகர்த்திச் சரியாக அமர்த்த முடியாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

உண்மையில் அஞ்ச வேண்டியது கீயின் உலோகத்துக்கு. நல்லவை ஜேர்மன் சில்வரில் அடித்துச் செய்தவை. அதில் செம்பு இருப்பதால் ஈரத்தில் பச்சைக் களிம்பு பூக்கும், அது துடைத்தால் போகும். மலிவானவை வார்த்த உலோகம். வளைத்தால் முறியும், முறிந்தால் ஒட்டாது. முறிந்த இடம் சாம்பல் நிறத்தில் மணல்மணலாக இருந்தால் அந்த வகை. ஒட்டிய இடத்தில் மழுங்கிய ஈயக் கட்டி தெரிந்தால், மென் ஈயத்தால் பற்றவைத்திருக்கிறார்கள். விரல் அழுத்தம் படும் இடத்தில் அது நிற்காது. வெள்ளி கலந்த பற்றாசால் ஒட்டிய இடம் மெல்லிய கோடாகவே தெரியும்.

ஒவ்வொரு கீயையும் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். டக்டக் என்று ஆடினால் அச்சு தேய்ந்திருக்கிறது. அழுத்திவிட்டால் சட்டென்று திரும்ப வேண்டும். சோம்பினால் ஊசி வில் துருப்பிடித்திருக்கும். நீலநிற ஊசி வில் பழுப்பாக மாறியிருந்தால் அது எப்போது வேண்டுமானாலும் ஒடியும். துருவேறிய திருகாணியை அங்கேயே கழற்ற முயல வேண்டாம், தலை சிதைந்தால் பழி உங்கள் மேல். கீகளில் பிராசோ பூசித் தேய்த்திருந்தால் கீகளைத் தாங்கும் கம்பங்களின் அடியில் வெள்ளைப் பொடி உறைந்து கிடக்கும். அது அச்சுக்குள் போய் அரைக்கும், உள்ளே எவ்வளவு போயிருக்கிறது என்பது கழற்றினால்தான் தெரியும்.

இரண்டு ஜொயின்டுகளையும் இணைக்கும் பாலக் கீயையும் பாருங்கள். பொருத்தும்போது மேல் ஜொயின்டின் வளையங்களை அழுத்தி அந்தக் கீயைத் தூக்கிக்கொள்ள வேண்டும். அதை அறியாதவர்கள் கையில் இருந்த வாத்தியங்களில் இது வளைந்திருக்கும். கீழ் ஜொயின்டின் வளையத்தை அழுத்தினால் மேலே உள்ள சிறு மூடி முழுதாக அமர வேண்டும்.

காற்றுக் கசிவை இப்படிச் சோதியுங்கள். மேல் ஜொயின்டின் விரல் துளைகளையும் கட்டைவிரல் துளையையும் மூடி, அடிவாயை உள்ளங்கையால் அடைத்து, மேல்வாயில் உதட்டை வைத்துக் காற்றை உறிஞ்சுங்கள். நிறுத்திய பிறகும் இழுவிசை 5 விநாடியாவது நிற்க வேண்டும். கீழ் ஜொயின்டுக்கு மிகக் கீழான ஈ ஸ்வரத்தின் விரலமைப்பை வைத்து அதே போல் செய்யுங்கள். கசிந்தால் எங்கே என்று தாள் சொல்லும். சிகரட் தாளை 5 மில்லிமீற்றர் அகலக் கீற்றாக வெட்டி, பேட்டின் நான்கு பக்கத்திலும் ஒவ்வொன்றாக வைத்து, கீயை இலேசாக மூடி இழுங்கள். நான்கு பக்கமும் ஒரே மாதிரிப் பிடிக்க வேண்டும். எல்லா பேட்களும் நன்றாகப் பிடித்தும் உறிஞ்சல் நிற்கவில்லை என்றால், வெடிப்பைத் தேடி மறுபடி டோர்ச்சை எடுங்கள்.

ஊதிப் பார்த்தல்

சூடான வாத்தியத்தில், கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்தை நீளமாகப் பிடியுங்கள். விரலை மாற்றாமல் ரெஜிஸ்டர் கீயை மட்டும் அழுத்தினால் அதன் மேல் ஸ்தாயிப் பஞ்சமம் வர வேண்டும். கிளாரினட் மேல் ஷட்ஜத்துக்கு அல்ல, பஞ்சமத்துக்குத் தாவும் வாத்தியம். இந்த இரண்டின் சுருதியையும் மானியில் குறித்துக்கொண்டு கீழ் ஈ, எஃப், ஜி, ஏ, சி ஆகிய ஐந்து இடங்களில் ஒப்பிடுங்கள். 10, 15 சென்ட் வித்தியாசம் உதட்டால் சமாளிக்கக் கூடியது. 30ஐத் தாண்டினால் முதலில் மவுத்பீஸை மாற்றிப் பாருங்கள், பிறகு பேரலை. இரண்டையும் மாற்றியும் அப்படியே இருந்தால் குறை உடலில், அது போகாது.

கழுத்துப் பகுதியின் பி பிளாட் மட்டும் தூசி அடைத்தது போலக் கேட்டால் ரெஜிஸ்டர் துளைக்குள் இருக்கும் சிறு உலோகக் குழாயில் துணிநூல் அடைத்திருக்கலாம். ஈர்க்கு ஒன்றை மெதுவாக விட்டால் சரியாகும். அந்தக் குழாயே இல்லை என்றால் அது வேறு கதை. கீழ் ஜொயின்டின் கடைசி ஸ்வரங்கள் வராமல் கீச்சிட்டால் பெரும்பாலும் கசிவுதான். ஈ கீயை அழுத்தும்போது அதன் மூடியும் எஃப் கீயின் மூடியும் ஒரே நேரத்தில் அமர்கின்றனவா என்று பக்கத்திலிருந்து பாருங்கள்.

பேரம் பேசும்போது ஒரு கணக்கு வேண்டும். 17 பேட், செருகும் முனைகளின் கோர்க், துருவேறிய வில்கள், ஒரு நல்ல மவுத்பீஸ். இவற்றின் செலவைப் பழுதுபார்ப்பவரிடம் முன்கூட்டியே கேட்டு, கேட்கும் விலையோடு கூட்டிப் பாருங்கள். கூட்டுத்தொகை நல்ல நிலையில் உள்ள பாவித்த யமஹா மாணவர் கிளாரினட்டின் விலையைத் தாண்டினால், பாடசாலைப் பிள்ளைக்கு யமஹாதான் சரி, மர வாத்தியத்தின் மேல் எவ்வளவு பெரிய பெயர் இருந்தாலும்.

வாங்கினால் பற்றுச்சீட்டில் பெயர், மாதிரி, இரண்டு ஜொயின்டுகளின் தொடர் இலக்கம், விற்பவரின் பெயரும் கையொப்பமும், திகதி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் பெட்டியின் மெத்தையை வெயிலில் காயவிட்டுப் பூச்சியும் பூஞ்சணமும் போக்குங்கள், வாத்தியத்தை வெயிலில் வைக்காமல். உள்துளையில் தேங்காய் எண்ணெய் விட வேண்டாம், அது பிசினாகி பேட்களில் ஒட்டும். நெடுநாள் ஊதாமல் கிடந்த மரத்தை முதல் வாரம் ஒரு நாளைக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் ஊதாதீர்கள், அடுத்த வாரம் இருபது நிமிடம். ஒவ்வொரு தடவையும் ஊதி முடித்ததும் துணியை இழுத்து உள்துளையைத் துடைத்து, செருகும் முனைகளின் ஈரத்தையும் ஒற்றி எடுத்து, ஜொயின்டுகளைக் கழற்றியே பெட்டியில் வையுங்கள்.